காணாப் பகையை வென்றவர்

பிரெஞ்சு நாட்டில் டோல் என்னும் ஊரில் 1822-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் லூயி பாஸ்டர் பிறந்தார். அவர் தந்தையார் தோல் பதனிடும் தொழிலினர். செல்வம் குறைந்த அக்குடும்பத்தில் மகனைக் கற்றவனாக்க வேண்டும் என்னும் வேட்கை நிறைந்திருந்தது. பாஸ்டர் மருத்துவர் அல்லர், வேதியியல் அறிஞர். எனினும், மருத்துவ உலகம் அவரைத் தன் வழிகாட்டியாகப் போற்றுகிறது.

பால் ஏன் புளிக்கிறது? திராட்சை மது ஏன் கெடுகிறது? இவற்றை ஆராய்ந்த பாஸ்டர், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே காரணம் என்று கண்டார். பொருள்களைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் உடலையும் கெடுக்கக் கூடும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது. அவருடைய பெண்மக்கள் மூவர் இளமையிலேயே இறந்தனர். அவருள் இருவரின் உயிரைக் குடித்தது டைபாய்டு காய்ச்சல். 1868-இல் பக்கவாதத்தால் அவரது இடப்புறம் செயலிழந்தது. துயரும் நோயும் அவர் ஊக்கத்தைக் குலைக்கவில்லை.

அக்காலத்தில் ஆடுமாடுகளை அடைப்பான் நோய் கூட்டங்கூட்டமாக மாய்த்தது. அதனை உண்டாக்கும் பாக்டீரியாவை நுண்ணோக்கியில் காண முடிந்தது. சாற்றில் வளர்க்கவும் முடிந்தது. பாஸ்டர் அதன் வலிமையைக் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கினார். 1881-ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆடுகளுக்கு அம்மருந்தை ஊசியால் செலுத்தினார். வேறு 24 ஆடுகளுக்குச் செலுத்தவில்லை. பின்னர் எல்லா ஆடுகளுக்கும் நோய்க்கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2-ஆம் நாள் பலர் வந்து பார்த்தனர். மருந்து பெற்றவை உயிரோடு நின்றன. பெறாதவை மடிந்தும் மடியும் நிலையிலும் கிடந்தன.

அடுத்து வெறிநாய்க்கடியை ஆராயப் புகுந்தார். இங்கே ஒரு வியப்பு காத்திருந்தது. எத்துணை முயன்றும் அந்நோய்க் கிருமி நுண்ணோக்கியில் தென்படவில்லை. சாற்றில் வளரவும் இல்லை. உயிருள்ள முயலின் மூளையிலும் தண்டுவடத்திலுமே பெருகியது. பாஸ்டர் தளரவில்லை. அத்தண்டுவடத்தை உலர்த்தி நச்சின் வேகத்தைத் தணித்து மருந்து செய்தார். நாய்களுக்கு இட்டு ஆய்ந்தார்.

1885 ஜூலை 6-ஆம் நாள் ஜோசப் மீஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை அவன் தாய் அழைத்து வந்தாள். வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. மருந்தோ மனிதருக்குப் போதிய அளவு ஆய்ந்து பார்க்கப்படாதது. சிறுவன் இறப்பின் பழி பாஸ்டரைச் சூழும். வாளா இருப்பின் நோயே அவனைக் கொல்லக் கூடும். நெடிது சிந்தித்த பாஸ்டர், மருத்துவர் ஒருவரைக் கொண்டு நாளடைவில் 13 ஊசிகள் போடச் செய்தார். உறக்கமின்றிக் கவலையில் ஆழ்ந்தார். சிறுவன் பிழைத்தான்!

அவர் வென்ற அப்பகை எது? அதுவே வைரஸ். பாக்டீரியா ஓர் உயிரணு. உணவு கிடைப்பின் தானே பெருகும். வைரஸ் அதனினும் மிகச் சிறியது. பிற உயிரணுவினுள் புகுந்தே பெருகும். பாஸ்டரின் மாணவர் சாம்பர்லேண்ட் 1884-இல் செய்த வடிகட்டி பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தியது. 1892-இல் உருசிய அறிஞர் இவனோவ்ஸ்கி நோயுற்ற புகையிலையின் சாற்றை அத்தகைய வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. வைரஸை நேரே காண 1930-களில் மின்னணு நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது. பாஸ்டரோ 1895 செப்டம்பர் 28-இல் மறைந்தார். தாம் வென்ற பகையின் உருவை அவர் கண்டாரில்லை.

இரண்டும் நோய் பரப்ப வல்லன. இரண்டையும் தடுப்பு மருந்தால் தடுக்கலாம். ஆனால், பாக்டீரியாவைக் கொல்லும் பெனிசிலின் வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா யாவும் தீயனவும் அல்ல. பாலைத் தயிராக்குவதும் அவற்றுள் ஒன்றே.

பாஸ்டரின் பெயர் தாங்கிய நிலையம் 1907-இல் நம் நீலகிரியிலுள்ள குன்னூரில் தோன்றியது. இன்று சென்னைக்கு மேற்கே அண்ணனூரில் ஒரு சிறுவனை நாய் கடித்தாலும் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக் கொள்ளுதல் வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது மிக அரிது, காலம் தாழ்த்தலாகாது. காணாத பகையையும் அறிவாலும் துணிவாலும் வெல்லலாம் என்பதே பாஸ்டரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.