காற்றிலிருந்து உரம் எடுத்தவர்

பெரம்பலூரில் மக்காச்சோளத்துக்கும், பருத்திக்கும், அரியலூரில் நெல்லுக்கும் விவசாயிகள் யூரியா போடுகிறார்கள். அந்த வெள்ளைக் குருணையில் உள்ள சத்து நைட்ரஜன். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? காற்றில் இருந்து!

அதற்கு வழி கண்டவர் ஜெர்மன் விஞ்ஞானி பிரிட்ஸ் ஹேபர்.

இளமை

1868-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி, பிரெஸ்லா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் ஹேபர் பிறந்தார். பிறந்த சில வாரங்களில் தாய் இறந்துவிட்டார். தந்தை சாய வியாபாரி. மகனோ ரசாயனம் படித்து விஞ்ஞானி ஆனார்.

சொட்டுச் சொட்டாக

காற்றில் 5-ல் 4 பங்கு நைட்ரஜன். ஆனால் அது லேசில் எதோடும் சேராது. ஹைட்ரஜனோடு சேர்த்துவிட்டால் அம்மோனியா கிடைக்கும். அதில் இருந்து உரம் செய்யலாம்.

இரண்டையும் சேர்த்து வைக்க ஓர் உலோகம் தேவை. கல்யாணத் தரகர் போல, அது ஜோடி சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இதற்குக் கிரியா ஊக்கி என்று பெயர்.

1909-ல், ஆஸ்மியம் என்ற உலோகத்தை வைத்து, கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக வடித்துக் காட்டினார் ஹேபர்.

உருமாறும் இரும்பு

ஆஸ்மியம் மிக அரிய பொருள். மிட்டாஷ் என்பவர் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, அதற்குப் பதிலாக இரும்புத் தாதுவைக் கண்டுபிடித்தார். கார்ல் போஷ் பெரிய உலைகளை அமைத்தார். 1913-ல் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது.

உலைக்குள் போகும்போது அது கெட்டியான காந்தக்கல். அதில் உள்ள பிராண வாயுவை ஹைட்ரஜன் இழுத்துக்கொள்ளும். கல் முழுவதும் நுண்ணிய துளை விழும். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் மிஞ்சும். அவற்றின் மேல்தான் வேலை நடக்கிறது!

நாளடைவில் துகள்கள், ஈரம் பட்ட சர்க்கரை போல ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும். வேலை மந்தமாகும். அதைத் தடுக்கத்தான் சிறிது அலுமினா சேர்க்கிறார்கள். இரும்பின் மேல் நடப்பதைப் படிப்படியாக விளக்கிய கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது.

விஷப் புகை

முதல் உலகப் போர் வந்தது. அம்மோனியா வெடிமருந்துக்கும் போயிற்று. 1915 ஏப்ரல் 22-ந் தேதி, பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற ஊரில், எதிரிகள் மீது குளோரின் விஷ வாயுவைத் திறந்து விட்டது ஜெர்மன் ராணுவம். அதற்கு ஏற்பாடு செய்தவர் ஹேபர்!

அவர் மனைவி கிளாராவும் ரசாயனம் படித்தவர். அடுத்த சில நாட்களில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு அவர் உயிரை விட்டார்.

முடிவு

1918-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு ஹேபருக்குக் கிடைத்தது. ஆனால் 1933-ல் ஹிட்லர் அரசு, யூதர்களை வேலையில் இருந்து விரட்டியது. நாட்டுக்காக எல்லாம் செய்த ஹேபர், பதவியைத் துறந்து நாட்டை விட்டே வெளியேறினார். 1934 ஜனவரி 29-ந் தேதி சுவிட்சர்லாந்தில், பேசல் நகரில் காலமானார்.

கோடிக்கணக்கானோர் உண்ணும் சோற்றில் அவர் உழைப்பு இருக்கிறது. விஷப் புகையில் மாண்டவர்களின் கணக்கிலும் அவர் பெயர் இருக்கிறது. அறிவு ஒன்றுதான், அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதே மனிதனின் பொறுப்பு.