திமீத்ரி பெல்யாயெவ்

திமீத்ரி கான்ஸ்டன்டினோவிச் பெல்யாயெவ் (ஜூலை 17, 1917 – நவம்பர் 14, 1985) ஒரு சோவியத் மரபியலாளர் ஆவார். காட்டு விலங்கு வீட்டு விலங்காக மாறுவதற்கு அதன் பிறவிக் குணமே அடிப்படை என்னும் கருதுகோளை வெள்ளி நரிகளைக் கொண்டு சோதித்தமைக்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இவர் ரஷ்யாவின் கொஸ்த்ரோமா மாகாணத்திலுள்ள புரொத்தாசொவோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஒரு கிராமப் பாதிரியார். இவரது தமையனும் மரபியலாளருமான நிக்கொலாய் 1937 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இவானொவோ வேளாண்மைக் கழகத்தில் பயின்ற பெல்யாயெவ் 1938 இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றினார். மெண்டலின் மரபியலை மறுத்த லைசென்கோவின் கொள்கைக்கு அரசு ஆதரவளித்தது. அதனை ஏற்காத பெல்யாயெவ், மாஸ்கோவில் தாம் வகித்த துறைத் தலைமைப் பதவியை 1948 இல் இழந்தார். 1959 முதல் இறக்கும் வரை நோவசிபீர்ஸ்க் நகரில் உள்ள உயிரணுவியல், மரபியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார்.

நரி ஆய்வு

ஒரு விலங்கைப் பழக்குவது வேறு, ஓர் இனத்தை வீட்டு விலங்காக்குவது வேறு. காட்டில் பிடித்த யானையைப் பழக்கலாம். ஆனால் அப்பழக்கம் அதன் கன்றுக்குப் பிறப்பிலேயே வருவதில்லை. நாயிடமோ மனிதருடன் இணங்கும் இயல்பு பரம்பரையாகத் தொடர்கிறது. இவ்வியல்பு எவ்வாறு தோன்றியது என்பதை அறிய, 1959 இல் லியுத்மிலா துருத் என்பவருடன் இணைந்து பெல்யாயெவ் ஆய்வைத் தொடங்கினார்.

மென்மயிர்ப் பண்ணைகளிலிருந்து பெற்ற நரிகளுள், மனிதரிடம் மிகக் குறைந்த அச்சமும் சினமும் காட்டியவை மட்டுமே ஒவ்வொரு தலைமுறையிலும் இனப்பெருக்கத்திற்குத் தெரிவு செய்யப்பட்டன. அவற்றுக்குப் பயிற்சி எதுவும் அளிக்கப்படவில்லை. சில தலைமுறைகளிலேயே வாலை ஆட்டி மனிதரை நாடும் குட்டிகள் பிறந்தன. தெரிவு செய்யப்படாத பண்புகளான தொங்கும் காது, சுருண்ட வால், வெள்ளைத் திட்டு ஆகியனவும் சிலவற்றில் காணப்பட்டன. மன அழுத்தத்துடன் தொடர்புடைய இயக்குநீரின் அளவும் குறைந்தது.

ஒப்பீட்டுக்காக மூர்க்கமான நரிகளும் தனியே வளர்க்கப்பட்டன. அவற்றின் கருக்களைச் சாதுவான நரிகளின் கருப்பையில் வைத்தபோதும், பிறந்த குட்டிகள் மூர்க்கமாகவே இருந்தன. எனவே இக்குணம் வளர்ப்பினால் மட்டும் அமைவதன்று என்பது தெளிவாயிற்று.

மதிப்பீடு

இந்நரிகளின் மூதாதைகள் கனடாவின் பண்ணைகளில் ஏற்கனவே பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டவை என்பதை 2019 இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை சுட்டிக்காட்டியது. ஆகையால் உடல் மாற்றங்கள் சில இவ்வாய்வுக்கு முன்பே தோன்றியிருக்கலாம். எனினும் குணம் மரபுவழி வருவது என்ற முடிவு இதனால் மறுக்கப்படவில்லை. பெல்யாயெவின் மறைவுக்குப் பின்னரும் துருத் இவ்வாய்வைத் தொடர்ந்து நடத்தினார்.