தேர்வு எண் 233: ஹெலன் கெல்லர் எழுதிய நுழைவுத் தேர்வு இன்றைக்கும் ஏன் முக்கியம்?

மார்ச் மாதம் வந்துவிட்டால் போதும், தர்மபுரி மாவட்டத்தில் அரூர், பென்னாகரம், பாலக்கோடு என எந்த ஊருக்குப் போனாலும் பொதுத்தேர்வு பேச்சுதான். வரிசையாகப் போட்ட மேஜைகளில் மற்ற மாணவர்கள் எழுதிக்கொண்டிருக்க, பார்வைத்திறன் குறையுடைய மாணவருக்குத் தனி ஏற்பாடு இருக்கும். அவர் விடையைச் சொல்வார். ‘சொல்வதை எழுதுபவர்’ என்று அரசு ஆவணங்கள் குறிப்பிடும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவார். மற்றவர்களுக்கு மணி அடித்த பிறகும் அவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு.

இதைப் பார்க்கும் சிலருக்கு ஒரு சந்தேகம் வரும். விடை உண்மையில் யாருடையது? கூடுதல் நேரம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா? இந்தச் சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல. 1890-களில் அமெரிக்காவில் ஒரு மாணவி இதே சந்தேகத்தின் நடுவில் உட்கார்ந்துதான் கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதினார். அவர் ஹெலன் கெல்லர். பார்வை இல்லை, காதும் கேட்காது.

ஹெலன் கெல்லர் என்றதும் தண்ணீர்க் குழாயடியில் முதல் சொல்லைக் கற்ற சிறுமிதான் நினைவுக்கு வருவார். தேர்வு அறையில் உட்கார்ந்த ஹெலனைப் பலருக்குத் தெரியாது. இன்றைய நம் தேர்வு விதிகளைப் புரிந்துகொள்ள அந்தக் கதைதான் ரொம்ப உதவும்.

யார் இந்த ஹெலன்?

1880 ஜூன் 27 அன்று அலபாமா மாநிலத்தின் டஸ்கம்பியா ஊரில் பிறந்தார். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த கடும் காய்ச்சல் பார்வையையும் கேட்கும் திறனையும் பறித்தது. 1887 மார்ச்சில் ஆனி சல்லிவன் என்ற ஆசிரியை வீட்டுக்கு வந்தார். அவருக்கு வயது 20. பார்வைக் குறைபாடு உள்ளவர். அப்போது பாஸ்டனில் இருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர்.

சல்லிவனின் முறை எளிமையானது. ஒவ்வொரு எழுத்துக்கும் விரல்களால் ஓர் அடையாளம். அதை ஹெலனின் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். பொருளும் சொல்லும் ஒன்றுதான் என்பது குழந்தைக்குப் பிடிபட்டதும் படிப்பு வேகமெடுத்தது. பிரெய்லும் கைவந்தது. கொஞ்ச காலத்திலேயே அமெரிக்கா முழுக்கப் பேசப்படும் குழந்தையானார்.

முதல் விசாரணை: 11 வயதில்

புகழோடு சந்தேகமும் வந்தது. பெர்கின்ஸ் பள்ளி இயக்குநர் மைக்கேல் அனாக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக ஹெலன் ஒரு கதை எழுதி அனுப்பினார். அது ஏற்கெனவே அச்சில் வந்த ஒரு கதையைப் போலவே இருப்பதாகத் தெரியவந்தது. அந்தக் கதை எப்போதோ தன் கையில் எழுதிக் காட்டப்பட்டிருக்கலாம் என்பது ஹெலனுக்கு நினைவில்லை.

1892-இல் பள்ளியில் விசாரணைக் குழு அமைந்தது. குழுவில் 8 பேர். அதில் 4 பேர் பார்வையற்றவர்கள். சல்லிவனை வெளியே அனுப்பிவிட்டு, 11 வயதுக் குழந்தையைத் தனியே உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். முடிவில் நான்குக்கு நான்கு எனச் சரிபாதி. அனாக்னோஸ் ஹெலன் பக்கம் வாக்களித்ததால் விஷயம் முடிந்தது.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. ஹெலனுக்குத் தெரிந்தது ஹெலனுக்குத் தெரிந்ததா, இல்லை சல்லிவனுக்குத் தெரிந்ததா? அடுத்து வந்த ஒவ்வொரு தேர்விலும் இது பின்தொடர்ந்தது.

1897: முதல் சுற்றுத் தேர்வு

ஹெலனுக்குக் கல்லூரி ஆசை இருந்தது. குறி, ஹார்வர்டோடு இணைந்த பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃப். அதற்குத் தயாராக 1896-இல் கேம்பிரிட்ஜ் நகரின் பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். வகுப்பில் சல்லிவன் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைக் கையில் எழுதிக் காட்டுவார். பாடப்புத்தகங்கள் பிரெய்லில் கிடைப்பதே அரிது. லண்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் வர வேண்டியிருந்தது, அதுவும் தாமதமாக.

1897 ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை ராட்கிளிஃபின் முதல்நிலைத் தேர்வு. ஜெர்மன், பிரெஞ்சு, லத்தீன், ஆங்கிலம், கிரேக்க ரோமானிய வரலாறு எனப் பாடங்கள். மொத்தம் 9 மணி நேரம். ஏற்பாடு இப்படி இருந்தது:

• டைப்ரைட்டர் சத்தம் மற்றவர்களைத் தொந்தரவு செய்யும் என்பதால் ஹெலனுக்குத் தனி அறை. யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வாசலில் ஒருவர்.

• பள்ளியின் முதல்வர் ஆர்தர் கில்மன் விரல் எழுத்துகளைக் கற்றிருந்தார். வினாத்தாளை அவர்தான் ஹெலனின் கையில் எழுதிக் காட்டினார். சல்லிவன் இல்லை.

• ஹெலன் விடைகளை டைப் செய்தார். டைப் செய்ததைக் கில்மன் திரும்பவும் கையில் எழுதிக் காட்ட, ஹெலன் திருத்தம் சொன்னார்.

• விடைத்தாளோடு, இதை எழுதியது இந்த மாணவிதான் என்ற சான்றும் சென்றது.

விடைத்தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான் என்பது அன்றைய விதி. திருத்துபவருக்கு மாணவர் யார் எனத் தெரியக் கூடாது. ஹெலனின் எண் 233. ஆனால் டைப் செய்த விடைத்தாள் அவருடையது மட்டும்தான். அதனால் எண் இருந்தும் பயனில்லை, யாருடையது என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். எல்லோருக்கும் ஒரே விதி என்று வைத்தாலும் அது எல்லோரையும் ஒரே மாதிரி காப்பாற்றாது என்பதற்கு இது ஒரு சின்ன உதாரணம்.

எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி. ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சிறப்புத் தகுதி.

1899: அதே மாணவி, வேறு ஏற்பாடு

அடுத்த ஆண்டு சிக்கல்கள் தொடங்கின. இயற்பியலும் கணிதமும் வந்தன, வகுப்பு பெரிதானது, வேண்டிய பிரெய்ல் புத்தகங்கள் தயாராக இல்லை. ஹெலன் அளவுக்கு மீறி உழைக்கிறார், படிப்பை இன்னும் சில ஆண்டுகள் நீட்டிக்கலாம் என்று கில்மன் நினைத்தார். சல்லிவனுக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைசியில் ஹெலனின் தாய் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். மெர்ட்டன் கீத் என்ற தனி ஆசிரியர் பாடம் நடத்தினார்.

வடிவியலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு மெத்தையில் நேரான கம்பிகளையும் வளைந்த கம்பிகளையும் குத்தி வைத்து, ஹெலன் படங்களைத் தொட்டுப் பார்த்தார். படத்தின் எழுத்துகளையும் நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும் மனதிலேயே வைத்திருக்க வேண்டும்.

இறுதித் தேர்வு 1899 ஜூன் 29, 30. இந்த முறை கல்லூரி நிர்வாகம் கறாராக இருந்தது. சல்லிவன் வினாத்தாளைப் படித்துக் காட்டக் கூடாது என்றது. பெர்கின்ஸ் பள்ளி ஆசிரியர் யூஜின் வைனிங் வினாத்தாளை அமெரிக்கன் பிரெய்லில் எழுதித் தர ஏற்பாடானது. அவரும் ஹெலனும் முன்பின் பழகாதவர்கள். பிரெய்லில் எழுதித்தான் பேசிக்கொள்ள முடியும். கண்காணிப்பாளரும் புதியவர், அவர் ஹெலனோடு எதுவும் பேச முயலவில்லை.

மொழிப் பாடங்கள் சமாளிக்க முடிந்தவை. அல்ஜீப்ராவில்தான் வந்தது வினை. அன்று ஆங்கிலம் பேசும் நாடுகளில் பிரெய்ல் ஒரே மாதிரியாக இல்லை. இங்கிலாந்து பிரெய்ல் ஒன்று, அமெரிக்கன் பிரெய்ல் ஒன்று, நியூயார்க் பாயின்ட் ஒன்று. எழுத்துகளைப் பொறுத்தவரை மூன்றும் ஹெலனுக்குத் தெரியும். கணிதக் குறியீடுகளோ மூன்றிலும் வெவ்வேறு. அவர் அல்ஜீப்ரா படித்தது இங்கிலாந்து முறையில். வினாத்தாள் வரப்போவது அமெரிக்க முறையில்.

இது தெரிந்தது எப்போது? தேர்வுக்கு 2 நாள் முன்பு. வைனிங் மாதிரிக்கு ஒரு பழைய வினாத்தாளை அனுப்பியபோது! உடனே விளக்கம் கேட்டு எழுதினார் ஹெலன். இன்னொரு வினாத்தாளும் குறியீட்டுப் பட்டியலும் வந்தன. முந்தின இரவு வரை உட்கார்ந்தும் அடைப்புக்குறிகளையும் வர்க்கமூலக் குறியையும் பிரித்தறிவது கஷ்டமாகவே இருந்தது. தேர்வு அறையிலும் அதே குழப்பம். போதாக்குறைக்கு, முதல் சுற்றில் இருந்த ஒரு வசதி இங்கே இல்லை. டைப் செய்ததைத் திருப்பிப் படித்துக் காட்ட யாரும் இல்லை. எழுதியது எழுதியதுதான்.

இருந்தும் தேர்ச்சி பெற்றார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1897-இல் தேர்வு அவரது லத்தீனைச் சோதித்தது. 1899-இல் அல்ஜீப்ராவோடு சேர்த்து, 2 நாளில் ஒரு புதிய குறியீட்டு முறையைக் கற்கும் திறனையும் சோதித்தது. அந்த இரண்டாவது சோதனை வேறு எந்த மாணவிக்கும் வைக்கப்படவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. காப்பி அடிப்பதைத் தடுக்க நினைத்தார்கள். கல்லூரி தெரியாமல்தான் தடைகளைப் போட்டது, அவற்றைத் தாண்டிவிட்டதே ஆறுதல் என்ற தொனியில் ஹெலனும் பின்னர் தன் சுயசரிதையில் எழுதினார்.

அதன் பிறகு என்ன ஆனது?

1900-இல் ராட்கிளிஃபில் சேர்ந்தார். படிக்கும்போதே எழுதிய ‘த ஸ்டோரி ஆஃப் மை லைஃப்’ 1903-இல் நூலாக வந்தது. 1904-இல் சிறப்புத் தகுதியோடு இளங்கலைப் பட்டம். பார்வையும் செவித்திறனும் இல்லாத ஒருவர் அந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. நான்கு ஆண்டுகளும் ஒவ்வொரு வகுப்பிலும் உட்கார்ந்து கையில் எழுதிக் காட்டிய சல்லிவனுக்குப் பட்டம் இல்லை.

பெண்கள் வாக்குரிமை, தொழிலாளர் உரிமை எனப் பல போராட்டங்களில் ஹெலன் பேசினார். 1924 முதல் அமெரிக்கப் பார்வையற்றோர் அறக்கட்டளைக்காக வேலை செய்தார். 1932-இல்தான் அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரே ஆங்கில பிரெய்ல் முறைக்கு ஒப்புக்கொண்டன. ஹெலனின் தேர்வுக்குப் பிறகு அதற்கு 33 ஆண்டுகள் ஆகின. 1936-இல் சல்லிவன் இறந்தார். ஹெலனின் பயணம் நிற்கவில்லை. 1955-இல் இந்தியா வந்து பிரதமர் நேருவைச் சந்தித்தார். 1968 ஜூன் 1 அன்று 87 வயதில் காலமானார்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கும் ஒரு காலத்தில் பல பிரெய்ல் முறைகள் இருந்தன. 1951-இல் பாரதி பிரெய்ல் வந்த பிறகு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குப் பொதுவான அடிப்படை கிடைத்தது. 1952-இல் பார்வையற்ற கணிதப் பேராசிரியர் ஆபிரகாம் நெமெத் அமெரிக்காவில் கணிதத்துக்கென ஒரு பிரெய்ல் முறையை வெளியிட்டார்.

சட்டமும் மாறியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 17-வது பிரிவு, தேர்வு முறையில் மாற்றம் செய்வதை அரசின் கடமையாக்குகிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவை அதில் உண்டு. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல், ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் என வகுத்தது. 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்பது இந்தக் கணக்குதான். பிரெய்ல், கணினி, பெரிய எழுத்து என எதில் எழுதலாம் என்பதைத் தேர்வர் தேர்ந்தெடுக்கலாம் என்றது அந்த வழிகாட்டுதல். எழுதுபவரைத் தேர்வு அமைப்பு கொடுத்தால், 2 நாள் முன்னதாகவே அவரைச் சந்தித்து, சரிப்பட்டு வருவாரா என்று பார்த்துக்கொள்ள வாய்ப்பு தர வேண்டும் என்றும் அது சொன்னது.

2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. எழுதுவதில் சிரமம் உள்ள ஒருவரின் குறைபாடு 40 சதவீதத்தைத் தொடவில்லை என்பதற்காக மட்டும் எழுத்துதவியாளரை மறுக்க முடியாது என்றது. இத்தகைய ஏற்பாடு கருணை இல்லை, சமத்துவ உரிமையின் பகுதி என்பதே தீர்ப்பின் சாரம்.

சரி, இன்னும் என்ன மிச்சம்?

விதி இருந்தால் மட்டும் போதாது, அது தேர்வுக்கு முன்பே வேலை செய்ய வேண்டும். தர்மபுரியில் ஒரு மலைக் கிராமத்திலிருந்து பள்ளிக்கு வரும் மாணவியை எடுத்துக்கொள்வோம். மருத்துவச் சான்றும் சலுகை விண்ணப்பமும் தலைமை ஆசிரியர் மூலம் நேரத்தோடு போக வேண்டும். வடிவியல் படத்தைத் தொட்டுப் பார்த்துப் படிக்க ஆண்டு முழுக்க வழி இருக்க வேண்டும். அல்ஜீப்ராவை வாயால் சொல்லியும் பழகியிருக்க வேண்டும். எழுதுபவருக்கும் அந்தக் குறியீடுகள் புரிய வேண்டும். பார்த்து மட்டுமே விடை சொல்லக்கூடிய வரைபடக் கேள்விக்கு மாற்றுக் கேள்வி தேவை. எட்டாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வில் வரும் உருவப் புதிர்களுக்கும் இது பொருந்தும்.

இதில் ஒன்று தவறினாலும் மதிப்பெண் குறையும். குறைந்தது படிப்பினாலா, ஏற்பாட்டினாலா என்பது மதிப்பெண் பட்டியலில் தெரியாது. ஹெலனுக்குக் குறியீட்டுச் சிக்கல் தெரிந்தது தேர்வுக்கு 2 நாள் முன்பு. அவர் ஹெலன் கெல்லர், சமாளித்தார். அரூரிலோ பென்னாகரத்திலோ தேர்வு எழுதும் மாணவி தேர்ச்சி பெற ஹெலன் கெல்லராக இருக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.