பதவியினும் பெரிது பண்பு

தாயகத்தை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நாம் ஆண்டுக்கொரு முறை ஊர் செல்வது இரயிலில்தான். அவ்விரயில்வேயிலேயே குமாஸ்தாவாக ஊழியம் புரியும் நமக்கு, அதன் அமைச்சராய் விளங்கிய லால் பகதூர் சாஸ்திரியாரின் நினைவு நெஞ்சை விட்டு அகலாதது.

1904 அக்டோபர் 2 அன்று முகல்சராய் என்னும் இரயில்வே நகரில் அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்தார். சாதியைக் குறிக்கும் பெயரை இளமையிலேயே துறந்தார். காசி வித்யாபீடத்தில் பெற்ற சாஸ்திரிப் பட்டமே பெயராய் நிலைத்தது. விடுதலைப் போரில் பன்முறை சிறை புகுந்தார்.

1952-இல் மத்திய இரயில்வே அமைச்சரானார். 1956-இல் மகபூப்நகர் விபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு இசையவில்லை. அதே ஆண்டு நவம்பர் 23 அன்று, நம் தமிழகத்தில் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் வெள்ளம் பெருகிப் பாலம் சிதையவே, தூத்துக்குடி எக்ஸ்பிரஸின் எஞ்சினும் பல பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. மீண்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெருமழைக்கு அமைச்சர் காரணரல்லர். பாலத்தைக் கட்டியவரும் அவரல்லர். எனினும் பொறுப்பு தமதே எனக் கொண்டு விலகினார். அவர் குற்றவாளி என்பதற்காக அன்றி, ஆட்சி மரபுக்கு எடுத்துக்காட்டாகவே நேரு அதனை ஏற்றார்.

அலுவலகத்தில் பிழை நேருமாயின், அது பிறிதொரு பிரிவினரின் தவறு என்று குறிப்பெழுதி, கோப்பினை அடுத்த மேஜைக்குத் தள்ளுவதில் நாம் கைதேர்ந்தவர்கள். அவ்வாறு எழுதும்போதெல்லாம் சாஸ்திரியாரை நினைந்து நாம் நாணியதுண்டு.

பதவியைத் துறந்தவரை நாடு துறக்கவில்லை. 1964-இல் நேரு மறைந்தபின், காங்கிரஸ் தலைவர் காமராசர் கட்சியினரின் கருத்தை ஒன்றுதிரட்ட, சாஸ்திரியார் பிரதமரானார். 1965-இல் போரும் உணவுத் தட்டுப்பாடும் ஒருங்கே வந்தன. திங்கட்கிழமைதோறும் இரவு உணவை விடுமாறு மக்களை வேண்டினார். அதற்குமுன் தம் வீட்டாரையே ஒரு வேளை பட்டினி இருக்கச் செய்து பார்த்தார். சட்டமின்றியே மக்கள் அவர் சொல்லை ஏற்றனர்.

1966 ஜனவரி 11 அன்று, பாகிஸ்தானுடன் உடன்பாடு கண்ட மறுநாள் அதிகாலை, தாஷ்கண்டில் உயிர் நீத்தார். கார் வாங்குவதற்கு வங்கியில் பெற்ற ரூ. 5,000 கடன் தீராமலிருந்தது. துணைவியார் லலிதா அம்மையார் தம் ஓய்வூதியத்திலிருந்து அதனை அடைத்தார்.

அமைச்சராகும் வாய்ப்பு சிலர்க்கே வாய்க்கும்; தம் கைப்பொறுப்பை ஏற்பது எவர்க்கும் இயலும். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்கையில், இரயில் மருதையாற்றைக் கடக்கும்போது, நம் காலனிக் குழந்தைகளுக்கு இதனைச் சொல்வோமாக.