இராபர்ட் புரூஸ் ஃபூட்

இராபர்ட் புரூஸ் ஃபூட் (செப்டெம்பர் 22, 1834 - டிசம்பர் 29, 1912) இங்கிலாந்தைச் சேர்ந்த நிலவியலாளரும் தொல்லியலாளரும் ஆவார். சென்னைக்குத் தெற்கே உள்ள பல்லாவரத்தில் 1863 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள் இவர் கண்டெடுத்த கற்கருவி, இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதற் சான்றாகக் கொள்ளப்படுகிறது. இக்காரணத்தால் இவர் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என அழைக்கப்படுகிறார்.

பிறப்பும் குடும்பமும்

ஃபூட் இங்கிலாந்தின் செல்டனம் நகரில் பிறந்தார். 1858 இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணப் பணிக்கு வந்தார். அப்போது அத்துறையின் தலைவராக இருந்தவர் தாமஸ் ஓல்டுகாம். ஃபூட்டின் மனைவி எலிசபெத், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள் ஆவார். பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் கல்விப் பணி செய்தவர். ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். பின்னர் சென்னையில் தினவர்த்தமானி என்னும் இதழை நடத்தினார்.

பருவகால முகாம் வாழ்க்கை

அக்காலத்தில் நிலவியல் ஆய்வாளரின் ஆண்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. மழை ஓய்ந்த பின்னர் களப்பணி தொடங்கும். வழிகள் காய்ந்து, ஆறுகளில் நீர் வற்றி, புதர்கள் இலை உதிர்த்து, பாறைகள் வெளியே தெரியும் மாதங்களே இதற்கு ஏற்றவை. மழைக்காலத்தில் ஆய்வாளர்கள் தலைமையிடம் திரும்பி, வரைபடங்களைத் தீட்டி, அறிக்கைகளை எழுதுவர்.

களப்பணிக் காலம் முழுவதும் கூடாரமே வீடு. ஆய்வாளர் குதிரை மீதும் கால்நடையாகவும் நிலத்தைச் சுற்றிப் பார்ப்பார். கூடாரம், சமையல் பொருட்கள், கருவிகள், சேகரித்த பாறை மாதிரிகள் ஆகியவை மாட்டு வண்டிகளில் பின்தொடரும். பல்லாவரம், தாம்பரம் வழியாகத் தெற்கே செல்லும் இருப்புப்பாதை 1863 இல் போடப்பட்டிருக்கவில்லை. எனவே விலங்குகளுக்குத் தீவனமும் நீரும் கிடைக்கும் இடங்களைப் பார்த்தே முகாம்கள் அமைக்கப்பட்டன. நாள் ஒன்றுக்கு வண்டி மாடுகள் கடக்கும் தொலைவே ஆய்வின் வேகத்தைத் தீர்மானித்தது. மெதுவான இந்தப் பயணமே ஒவ்வொரு ஓடைக்கரையையும் பள்ளத்தையும் நின்று பார்க்கும் வாய்ப்பைத் தந்தது எனலாம். ஃபூட் 33 ஆண்டுகள் இவ்வாறு பணியாற்றினார்.

பல்லாவரம் கண்டுபிடிப்பு

தென் சென்னைப் புறநகரின் நிலம் இரு வகையான பாறைகளால் ஆனது. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் மிகப் பழமையான கடினப் பாறைகள். இப்பாறைக்குப் பின்னாளில் தாமஸ் ஆலண்டு என்னும் நிலவியலாளர் சார்னோக்கைட்டு எனப் பெயரிட்டார். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகைப் பாறையாக இருந்ததே இப்பெயருக்குக் காரணம். குன்றுகளைச் சுற்றியுள்ள தாழ்ந்த நிலத்தில் செம்புரைக்கல் எனப்படும் சிவந்த சரளைப் படிவுகள் காணப்படுகின்றன. சாலை போடுவதற்காக இச்சரளையைத் தோண்டி எடுப்பது வழக்கம்.

பல்லாவரத்தில் அப்போது படைமுகாம் இருந்தது. அதன் அருகே தோண்டப்பட்ட ஒரு சரளைக் குழியிலிருந்து வெளியே எறியப்பட்டிருந்த கற்களிடையே, மனிதக் கையால் செதுக்கப்பட்ட குவார்ட்சைட்டுக் கருவி ஒன்றை ஃபூட் கண்டார்.

இக்கண்டுபிடிப்பு தற்செயலானது மட்டுமன்று. பிரான்சில் சோம் ஆற்றுச் சரளைப் படிவுகளில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளுடன் கற்கருவிகள் கிடைப்பதாக பூசே டி பெர்த் கூறிவந்தார். பல ஆண்டுகள் யாரும் அதை ஏற்கவில்லை. 1859 இல் ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து அதை உறுதிப்படுத்தினர். மனித இனம் சில ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது என்னும் கருத்து அத்துடன் ஆட்டம் கண்டது. இச்செய்திகளை அறிந்திருந்ததால், நூற்றுக்கணக்கான சரளைக் கற்களுள் ஒன்றை ஃபூட்டால் இனங்காண முடிந்தது.

அத்திரம்பாக்கம்

ஒற்றைக் கல்லைக் கொண்டு பெரிய முடிவுக்கு வர இயலாது. அதே ஆண்டு செப்டெம்பர் 28 ஆம் நாள் ஃபூட்டும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் சென்னைக்கு வடமேற்கே கொற்றலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் ஏராளமான கற்கருவிகளைக் கண்டனர். அவற்றுட் சில படிவுகளுக்குள்ளேயே புதைந்திருந்தன. ஆகவே அவை பிற்காலத்தில் மேலே விழுந்தவை அல்ல என்பது தெளிவாயிற்று. இவ்விரு நாட்களும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முற்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது. இக்கண்டுபிடிப்புகள் பற்றிய ஃபூட்டின் கட்டுரை 1866 இல் வெளிவந்தது. இக்கருவி மரபு பின்னர் சென்னைக் கற்கோடரி மரபு எனப் பெயர் பெற்றது.

பிற ஆய்வுகள்

- கருநாடகப் பகுதியின் பழமையான பாறைத் தொகுதி ஒன்றுக்குத் தார்வார் எனப் பெயரிட்டார். கோலார் தங்க வயல் போன்ற கனிமப் பகுதிகளைப் புரிந்துகொள்ள இது உதவியது.
- 1880களில் கர்நூல் அருகே உள்ள பில்ல சுர்க்கம் குகைகளில் அகழாய்வு செய்தார். பீரங்கிப் படை அதிகாரியான இவரது மகன் ஹென்றி இதில் பங்கு கொண்டார். காண்டாமிருகம், கழுதைப்புலி உள்ளிட்ட பல விலங்குகளின் எலும்புகள் இங்கு கிடைத்தன.
- பெல்லாரிப் பகுதியில் பல புதிய கற்கால ஊர்களைக் கண்டறிந்தார்.

சாம்பல் மேடுகள்

தக்காணத்தில் காணப்படும் பெரிய சாம்பல் மேடுகள் நெடுங்காலம் புதிராக இருந்தன. எரிமலைச் சாம்பல் என்றும், பிணங்களை எரித்த இடங்கள் என்றும் பலவாறு கூறப்பட்டன. ஃபூட் இவற்றைப் புதிய கற்கால மக்களுடன் தொடர்புபடுத்தி, இவை மாட்டுச் சாணம் எரிந்த சாம்பலே என்னும் முடிவுக்கு வந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், 1957 இல் உத்னூரில் அகழாய்வு செய்த ரேமண்டு ஆல்ச்சின் மாட்டுப் பட்டிகளின் வேலித் தடங்களையும் குளம்புச் சுவடுகளையும் கண்டு இதை உறுதி செய்தார். கால்நடைகளைப் பட்டியில் அடைத்து, சேர்ந்த சாணத்தைக் குறிப்பிட்ட காலங்களில் எரித்து வந்த மேய்ச்சல் மக்களின் வாழ்க்கை இதனால் வெளிப்பட்டது.

திருத்தப்பட்ட கருத்துகள்

பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே மனிதர் வாழாத நீண்ட இடைவெளி இருந்ததாக ஃபூட் கருதினார். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதியின் தேரி மணல்மேடுகள் உட்படப் பல இடங்களில் கிடைத்த நுண்கற்கருவிகள், இடைக்காலத்திலும் மக்கள் வாழ்ந்ததைப் பின்னாளில் காட்டின. மறுபுறம், அவர் கண்ட கருவிகளின் பழமை அவர் காலத்தில் அளவிட முடியாததாக இருந்தது. சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் நடத்திய அகழாய்வில், அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011 இலும், இடைப் பழைய கற்காலக் கருவிகள் 3,85,000 ஆண்டுகள் வரை பழமையானவை என 2018 இலும் அறிவிக்கப்பட்டது.

இறுதிக் காலம்

1891 இல் ஓய்வு பெற்ற பின்னர் பரோடா, மைசூர் அரசுகளுக்காகப் பணியாற்றினார். ஏற்காட்டில் வீடு அமைத்து, 40 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்த கருவிகளை வகைப்படுத்தினார். இச்சேகரிப்பை 1904 இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்குப் பெற்றது. ஒவ்வொரு பொருளும் எங்கே கிடைத்தது என அவர் எழுதி வைத்ததால் அது இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகிறது. 1912 இல் கல்கத்தாவில் காலமானார். அவரது நினைவுக்கல் ஏற்காடு திரித்துவ ஆலயத்தில் உள்ளது. அவர் தொகுத்த விளக்கப் பட்டியல் 1914 இலும், குறிப்புகள் 1916 இலும் வெளியாயின.

பல்லாவரத்தின் இன்றைய நிலை

ஃபூட் கண்ட சரளை நிலத்தின் பெரும்பகுதி இன்று குடியிருப்புகளாலும் சாலைகளாலும் மூடப்பட்டுள்ளது. குன்றுகளின் பக்கங்கள் கல் குவாரிகளால் வெட்டப்பட்டுள்ளன. 1880களில் அலெக்சாண்டர் ரீ இதே பல்லாவரத்தில் பெருங்கற்கால ஈமப்பேழைகளைக் கண்டறிந்தார். இவ்வகையில் கற்கோடரிக் காலம் முதல் இரும்புக் காலம் வரையிலான தடயங்களைக் கொண்ட இடமாகப் பல்லாவரம் விளங்குகிறது. அங்கு எஞ்சியுள்ள திறந்த நிலங்கள் கட்டடங்களாக மாறும்போது, மண்ணுக்கு அடியில் இருக்கக்கூடிய சான்றுகளும் உடன் அழிகின்றன.