பயணியின் தமிழ்

நுழையும்முன்

மனிதன் எதற்காக வாழ்கிறான்? இவ்வினா எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் எழுந்துள்ளது. பலர் ஒருமுறை கேட்டுவிட்டு அன்றாட வேலைகளுக்கிடையே அதை மறந்துவிடுகின்றனர். சிலரோ விடை கிடைக்கும்வரை தேடுகின்றனர். கிடைத்த விடைக்காகத் தம் வாழ்நாளையே செலவிடுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையில் பிறந்த தமிழாசிரியர் ஒருவர் தம் முப்பதாம் அகவையில் இவ்வினாவுக்குக் கிறித்தவ நம்பிக்கையில் விடை கண்டார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ஆற்றிய பணி, தமிழுக்கு ஒரு பெருங்காப்பியத்தைத் தந்தது. அவர்தாம் எச்.ஏ. கிருட்டிணனார்.

மயிலையின் ஒரு மூலை

சென்னையில் மந்தைவெளி என்னும் பகுதி உள்ளது. கால்நடை மந்தைகள் மேய்ந்த வெளியாக ஒருகாலத்தில் இருந்தமையால் இப்பெயர் பெற்றது என்பர். இன்று அங்கே மேய்ச்சல் நிலம் இல்லை. கடைவீதியும் நெருங்கிய குடியிருப்புகளுமே உள்ளன. மந்தைவெளியிலிருந்து வடக்கே சிறிது தொலைவு நடந்தால் மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் கோபுரம் தெரியும். பேயாழ்வார் பிறந்த ஊர் மயிலை என்பது வைணவ மரபு. வள்ளுவருக்கும் இங்கே கோயில் உண்டு. மந்தைவெளியிலிருந்து கிழக்கே கடலை நோக்கி நடந்தால் சாந்தோம் வரும். இயேசுவின் சீடராகிய தோமாவை அடக்கம் செய்த இடம் என்று கிறித்தவ மரபு போற்றும் ஊர் அது. சைவம், வைணவம், கிறித்தவம் ஆகிய மூன்று மரபுகளும் நடந்து செல்லும் தொலைவுக்குள் அமைந்த நிலப்பகுதி இது.

இம்மயிலையில், ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த தூய தோமா ஆலயத்தில், 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், வைணவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த தமிழாசிரியர் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார். இன்னும் ஐந்து நாள்களில் அவருக்கு 31 அகவை நிறைவுற இருந்தது. அந்நாளை அடைய அவர் கடந்துவந்த வழி நெடியது.

இராமகாதை ஒலித்த இல்லம்

திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் கிருட்டிணனார் பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவப் பற்றுமிக்க வேளாளர் குடும்பம் அது. தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். அதனைப் பலருக்கும் படித்துப் பொருள் விளக்கும் வழக்கமும் உடையவர். எழுத்தறிந்து ஏடு படிக்கும் அகவைக்கு முன்பே கம்பனின் விருத்த ஓசை அச்சிறுவனின் செவியில் தங்கிவிட்டது.

அக்காலத்தில் ஒரு காப்பியத்தைக் கற்பது என்பது பொருளை அறிந்துகொள்வதோடு முடிவதில்லை. பாடலை மனப்பாடம் செய்தல், சீர் பிரித்துச் சொல்லுதல், ஓசை வழுவாமல் பாடுதல், அணி நயம் கூறுதல் எனப் பல படிகள் அதில் உண்டு. இப்பயிற்சியில் வளர்ந்தவருக்குச் செய்யுள் நடை பேச்சுநடையைப் போலவே கைவரும். கிருட்டிணனாரும் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றுத் தமிழ்ப் புலவராக உயர்ந்தார். பிற்காலத்தில் அவர் இயற்றிய காப்பியத்தின் விதை, தந்தையார் படித்துக் காட்டிய ஏடுகளிலேயே இருந்தது.

சாயர்புரத்தில் எழுந்த வினா

நெல்லைச் சீமையில் அப்போது கிறித்தவச் சமயப் பணியாளர்கள் பள்ளிகள் பலவற்றை நிறுவியிருந்தனர். சாயர்புரத்தில் ஜி.யு. போப் தொடங்கிய கல்விக்கூடம் அவற்றுள் ஒன்று. அங்கே தமிழ் கற்பிக்க நல்ல புலவர் ஒருவர் தேவைப்பட்டார். இடையன்குடியில் வாழ்ந்து, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண ஆய்வில் ஈடுபட்டிருந்த கால்டுவெல், கிருட்டிணனாரின் புலமையை அறிந்து அவரைத் தேர்ந்தெடுத்தார். 1853ஆம் ஆண்டில் கிருட்டிணனார் சாயர்புரத்தில் தமிழாசிரியரானார்.

கிறித்தவப் பள்ளியில் பணிபுரிந்தாலும் அவர் வைணவராகவே வாழ்ந்தார். அந்நாளில் கிறித்தவத்தின்மீது அவருக்கு ஈர்ப்பு இல்லை, வெறுப்பே இருந்தது. அவர் கற்பித்தது தமிழ், பெற்றது ஊதியம். இரண்டிற்கும் அப்பால் அப்பள்ளியோடு தமக்கு உறவில்லை என்றே கருதினார்.

ஆனால் அவரோடு நெருங்கிப் பழகியவர்களின் வாழ்வு அவரைச் சிந்திக்க வைத்தது. அவருடைய நண்பர் தனுக்கோடி ராஜு கிறித்தவரானார். உடன்பிறந்த தம்பி முத்தையா பிள்ளையும் அவ்வழியையே தேர்ந்தார். அயலார் ஒருவர் சமயம் மாறினால் வாதிட்டு மறுத்துவிடலாம். தாம் நன்கறிந்த நண்பரும் உடன்பிறந்தவரும் மாறும்போது, அவர்கள் கண்டது என்ன என்னும் வினா எழாமல் இராது. கிருட்டிணனார் கிறித்தவ நூல்களைப் படித்தார், நண்பர்களோடு உரையாடினார். தம் குற்றங்களிலிருந்து விடுதலை உண்டா, இறைவனின் அருள் தமக்குக் கிட்டுமா, இவ்வாழ்வின் நோக்கம் யாது என்னும் வினாக்கள் அவர் உள்ளத்தை அலைக்கழித்தன. இறையருளை நாடும் ஏக்கம் அவருக்குப் புதியதன்று. அவர் பிறந்த வைணவ மரபே அவருக்கு அதனைக் கற்பித்திருந்தது. அந்த ஏக்கத்திற்கான விடையை இயேசுவின் அன்பில் கண்டதாக அவர் உணர்ந்தார். தாம் கிறித்தவரான வரலாற்றைப் பின்னாளில் தாமே எழுதியும் வைத்தார்.

இழப்பும் துணிவும்

உள்ளத்தில் விடை கண்டபின்னும் அதனை வெளிப்படையாக ஏற்பது எளிதாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமூகத்தில் சமயம் மாறுதல் தனிமனிதரின் முடிவாக மட்டும் பார்க்கப்படவில்லை. குடும்பத்தின் மதிப்பு, உறவினரோடு உண்ணும் உரிமை, மணவுறவு, ஊரில் பெற்றிருந்த இடம் ஆகிய அனைத்தும் அதனால் பாதிக்கப்பட்டன. தெளிந்த மனத்தோடு முடிவெடுத்தவர்கூடத் தம்மைப் பெற்றவரும் உற்றவரும் அடையும் துயரத்தைக் கண்டு தடுமாற நேரிடும். கிருட்டிணனார் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பின்னரே முடிவுக்கு வந்தார்.

அவர் சென்னைக்கு வந்தார். தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டிருந்தாலும், நெல்லைச் சீமையை இருப்புப்பாதை எட்ட மேலும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இருந்தன. அவ்வளவு தொலைவு கடந்து வந்தவர், மயிலையில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்பது அப்போது அவர் ஏற்ற பெயர். எனினும் பெற்றோர் இட்ட கிருஷ்ண பிள்ளை என்னும் பெயரை அவர் கைவிடவில்லை. புதிய பெயரின் முதலெழுத்துகளை முன்னே வைத்து, பழைய பெயரைப் பின்னே வைத்து, எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை என்றே இறுதிவரை வழங்கப்பெற்றார். அவர் வாழ்வையும் எழுத்தையும் புரிந்துகொள்ள இப்பெயரே துணைசெய்யும்.

தெரிந்து தெளிவோம்

பீட்டர் பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றியபோது, ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பின்னர்ச் சென்னைக்கு வந்து 1855ஆம் ஆண்டில் 'தினவர்த்தமானி' என்னும் இதழைத் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவருமான சி.வை. தாமோதரம் பிள்ளை இவ்விதழின் ஆசிரியராகப் பணியாற்றியவர்.

விடைக்குப் பின் எழுந்த வினா

சென்னையில் கிருட்டிணனாருக்குத் துணைநின்றவர்களுள் பெர்சிவலும் ஒருவர். மாநிலக் கல்லூரியில் துணைத் தமிழாசிரியராகவும், தினவர்த்தமானி இதழின் பணியிலும் கிருட்டிணனார் ஈடுபட்டார். பின்னர் நெல்லைச் சீமைக்குத் திரும்பினார். பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியராகப் பணியாற்றினார். அவர் வாழ்வின் பெரும்பகுதி வகுப்பறையிலேயே கழிந்தது.

வாழ்வின் நோக்கம் யாது என்னும் வினாவுக்கு அவர் விடை கண்டுவிட்டார். ஆனால் அவ்விடை இன்னொரு வினாவை எழுப்பியது. இனித் தாம் செய்ய வேண்டியது என்ன? ஒரு வழி, கடந்த வாழ்வை முற்றிலும் துறப்பது. கம்பனையும் ஆழ்வார்களையும் கற்றுச் சேர்த்த புலமை, புதிய நம்பிக்கைக்கு உதவாதது என்று ஒதுக்கிவிடுவது. வேறொரு வழியும் இருந்தது. முன்னோரிடமிருந்து பெற்ற தமிழை, தாம் கண்ட நம்பிக்கையைப் பாடப் பயன்படுத்துவது. கிருட்டிணனார் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். சமயம் மாறியபோதும் தமிழ் மரபிலிருந்து அவர் விலகவில்லை. 'காவிய தர்ம சங்கிரகம்' என இலக்கியத் தொகுப்பு நூல் ஒன்றையும் உருவாக்கினார். மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் போற்றித் திருஅகவல் என்னும் பகுதி உண்டு; கிருட்டிணனார் தாம் இயற்றிய துதிநூலுக்கும் 'போற்றித் திருஅகவல்' என்றே பெயரிட்டார். அவருடைய பக்திப் பாடல்கள் 'இரட்சணிய மனோகரம்' என்னும் நூலாயின.

சிறையில் பிறந்த கதை

இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு என்னும் ஊரருகே 1628ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜான் பனியன். பாத்திரங்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். உயர்கல்வி பெறாதவர், எனினும் எளிய மக்களிடையே சமயச் சொற்பொழிவு ஆற்றிவந்தார். அரசு ஏற்ற திருச்சபையின் இசைவின்றிச் சொற்பொழிவாற்றியதற்காக ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறையில் கழித்தார். அவர் எழுதிய 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' என்னும் உரைநடை உருவகக் கதை 1678ஆம் ஆண்டில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

அக்கதையில் ஒருவன் முதுகில் பெருஞ்சுமையோடு தன் ஊரை விட்டுப் புறப்படுகிறான். அவ்வூர் அழியப்போகிறது என்பதை அறிந்தமையால் இறைவனின் நகரை நாடிச் செல்கிறான். வழியில் சேற்றுக்குழி, செங்குத்தான குன்று, ஏமாற்றும் துணைவர், வீண்பகட்டின் சந்தை, ஐயத்தின் கோட்டை எனப் பல இடர்கள் எதிர்ப்படுகின்றன. சிலுவையின் முன் நிற்கும்போது அவன் சுமை தானே அவிழ்ந்து விழுகிறது. எனினும் பயணம் அங்கே முடிவதில்லை; இறுதியில் சாவு என்னும் ஆற்றையும் கடந்தே அவன் நகரை அடைகிறான்.

வீட்டையும் உறவையும் கடந்து வந்த கிருட்டிணனாருக்கு இக்கதை அயல்நாட்டுக் கற்பனையாக மட்டும் தோன்றியிருக்க இயலாது. சுமை இறங்கிய பின்னும் நெடுவழி உண்டு என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டிருந்தார்.

இரட்சணிய யாத்திரிகம்

பனியனின் நூலைத் தழுவிக் கிருட்டிணனார் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை இயற்றினார். இரட்சணியம் என்பதற்கு மீட்பு என்பது பொருள். யாத்திரிகம் என்பது பயணத்தைக் குறிக்கும். மீட்பை நாடிச் செல்லும் உயிரின் பயணமே நூலின் பொருள். 3766 பாடல்களைக் கொண்ட இப்பெருங்காப்பியம் ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக அமைந்துள்ளது. ஆதி பருவம், ஆரணிய பருவம் ஆகியவை பாரதம் படித்தோருக்குப் பழகிய பெயர்கள். பருவத்தினுள் வரும் படலப் பகுப்பு கம்பனை நினைவூட்டும். காப்பியத்தின் இடையே அமைந்த இசைப்பாடல்களுக்குத் தேவாரம் என்று பெயரிட்டார். ஆங்கில உரைநடைக் கதை இவ்வாறு தமிழ் விருத்தக் காப்பியமாக மாறியது.

கிருட்டிணனார் மூலநூலை அடியொற்றி மொழிபெயர்க்கவில்லை. குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடினார். ஆளுநன் முன் குற்றவாளியாக நிறுத்தப்பட்டு, எள்ளப்பட்டு, முள்முடி சூட்டப்பட்ட இயேசு மறுமொழி கூறாது நிற்கிறார். அவரைக் கட்டிவைத்தது கயிற்றின் வலிமையன்று. பகைவருக்கும் இரங்கும் அன்பே அவரைக் கட்டியது என்று கவிஞர் காண்கிறார். தந்தையாரின் இராமாயண விளக்கத்தில் கற்ற காப்பியக் கலை, மயிலையில் ஏற்ற நம்பிக்கையைப் பாடுவதற்கு இங்கே முழுமையாகப் பயன்படுகிறது.

இந்நூல் ஒரே மூச்சில் வெளிவந்ததன்று. 'நற்போதகம்' என்னும் ஆன்மிக மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வெளிவந்தது. பின்னர் 1894ஆம் ஆண்டு மே திங்களில் முதற்பதிப்பாக வெளியிடப்பட்டது. அப்போது கிருட்டிணனாருக்கு 67 அகவை. திங்கள்தோறும் இதழுக்குரிய பாடல்களை யாத்து, பதின்மூன்று ஆண்டுகள் தளராமல் ஒரே பொருளைத் தொடர்ந்து பாடுவதற்குப் புலமை மட்டும் போதாது. தாம் செய்யும் பணியின் பயனில் அசையாத நம்பிக்கையும் வேண்டும். அவரைக் கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் போற்றுகிறது.

பயணத்தின் நிறைவு

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் கிருட்டிணனார் இயற்கை எய்தினார். திருமுழுக்கு நாளுக்கும் இறுதி நாளுக்கும் இடையே ஏறத்தாழ 42 ஆண்டுகள் உள்ளன. வாழ்வின் நோக்கத்தைக் கண்ட நாள் ஒன்றுதான். அதற்கேற்ப வாழ்ந்த நாள்களோ பல்லாயிரம். அந்நாள்களில் பெரும்பாலானவை பாடம் நடத்துதல், ஏடு பார்த்தல், பாட்டு எழுதுதல், எழுதியதைத் திருத்துதல் என்னும் எளிய பணிகளிலேயே கழிந்தன.

மாணவர்களே, நீங்களும் விரைவில் பள்ளியை விட்டு வெளியேறி உங்களுக்கான வழியைத் தேடப்போகிறீர்கள். உங்களுள் ஒவ்வொருவரும் காணும் விடை வெவ்வேறாக இருக்கலாம். அவ்விடையைத் தேடும்போது இழப்புக்கு அஞ்சாத உண்மையும், அதனைக் கண்டபின் பிறந்த வீடும் மொழியும் தந்த செல்வத்தை மறவாத நன்றியும், எடுத்த பணியை முடிக்கும் பொறுமையும் வேண்டும். கரையிருப்பில் கேட்ட ஓசையை இறுதிவரை பேணிய கிருட்டிணனாரின் வாழ்வு இம்மூன்றிற்கும் சான்றாக விளங்குகிறது.

சொல்லும் பொருளும்

அகவை – வயது. யாத்தல் – செய்யுள் இயற்றுதல். பாடுகள் – துன்பங்கள். ஆரணியம் – காடு. இரட்சணியம் – மீட்பு. திருமுழுக்கு – கிறித்தவத்தில் இணைவதற்குரிய சடங்கு.

கற்பவை கற்றபின்

1. கிருட்டிணனார் தம் பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைத்தே வழங்கியது எதனைக் காட்டுகிறது? வகுப்பில் கலந்துரையாடுக.

2. வாழ்க்கையைப் பயணமாக உருவகித்து, நீங்கள் சந்தித்த தடைகளையும் பெற்ற துணைகளையும் பாத்திரங்களாக்கி ஒரு பக்க அளவில் உருவகக் கதை எழுதுக.

3. உங்கள் ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட சமய மரபுகள் அருகருகே விளங்கும் இடத்தைக் கண்டு, அதன் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டுக் கட்டுரை வரைக.