தொகுப்பும் படைப்பே: எஸ்ஃபிர் ஷூப்

பிறர் படம்பிடித்துப் போட்டுவைத்த சுருள்களிலிருந்தே ஒரு பேரரசின் வீழ்ச்சியை முழுநீளப் படமாக ஆக்கிக் காட்டியவர் எஸ்ஃபிர் ஷூப் அம்மையார். ரஷ்யப் பேரரசின் சூராஷ் என்னும் சிற்றூரில் 1894இல் பிறந்த இவர், மாஸ்கோவில் உயர்கல்வி பயின்றார். புரட்சிக்குப் பின்னர் அரசின் நாடகப் பிரிவில் மேயர்ஹோல்ட் முதலியோரோடு பணியாற்றினார்.

1922இல் அரசுத் திரைப்பட நிறுவனமான கோஸ்கினோவில் சேர்ந்தார். அயல்நாட்டுப் படங்களைச் சோவியத் மக்களுக்கு ஏற்ப வெட்டியும் ஒட்டியும் புதிய எழுத்துரை சேர்த்தும் திருத்துவது அவருக்கு இடப்பட்ட பணி. தணிக்கையின் மறுபெயர் என்று இதனை ஒதுக்கிவிடலாம். எனினும், காட்சிகளின் வரிசை மாறினால் பொருளே மாறும் என்பதை அவர் விரல்கள் அறிந்துகொண்டது இங்கேதான். 1924இல் ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘டாக்டர் மபூஸ்’ படத்தை அவர் திருத்தியபோது உடனிருந்து படத்தொகுப்பைப் பயின்றவர் ஐசன்ஸ்டைன். மாணவரின் புகழ் ஆசிரியரின் பெயரை மறைப்பது புதிதன்று.

பிப்ரவரிப் புரட்சியின் பத்தாம் ஆண்டு நிறைவுக்கென ஒரு படம் ஆக்க விழைந்த ஷூப், 1926இல் லெனின்கிராடுக்குச் சென்றார். ஈரக்கசிவுள்ள நிலவறைகளில் படச்சுருள்கள் பாழாகிக் கிடந்தன. ஏறத்தாழ 60,000 மீட்டர் படத்தைப் பார்த்து, 5,200 மீட்டரைத் தேர்ந்து, இறுதியில் சுமார் 1,500 மீட்டரையே கைக்கொண்டார். 1927இல் ‘ரோமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி’ வெளிவந்தது.

மன்னரின் பெருமைக்காக அரண்மனைப் படப்பிடிப்பாளர்கள் எடுத்த காட்சிகளே அதில் மன்னருக்கு எதிரான சாட்சியங்களாயின. கப்பலின் மேல்தளத்தில் மேட்டுக்குடியினர் நடனமாடிக் களைத்து நெற்றி வியர்வையைத் துடைக்கின்றனர். அடுத்து வருவது மண்வெட்டும் உழவர்களின் வியர்வை. இரண்டும் தனித்தனியே வெறும் செய்திப்படத் துணுக்குகள். அடுத்தடுத்து நின்றபோதோ அவை குற்றச்சாட்டு. அதே வேளையில், ஐசன்ஸ்டைனைப் போல் காட்சிகளைச் சிறு துண்டுகளாக்கி மோதவிடும் வழக்கம் ஷூப்பிடம் இல்லை. முகங்களைப் பார்வையாளர் நின்று நோக்க அவகாசம் தந்தார். இந்தப் பொறுமையே அவரது தனித்தன்மை எனலாம். உண்மைக் காட்சிகளால் ஆனது என்பதற்காக அப்படம் நடுநிலையானது என்று கொள்ளுதல் பொருந்தாது. அது ஒரு சார்பினின்று எழுந்த வாதம். தன் சார்பை அது மறைக்கவுமில்லை.

படம் வெற்றி பெற்றபின்னும் அவரை அதன் ஆசிரியராக ஏற்க நிறுவனம் மறுத்தது. எடுத்தவர் பலர், வெட்டி ஒட்டியவர் ஒரு பணியாளர் என்பது அதன் கணக்கு. பாடினோர் பெயரோடு தொகுத்தோர் பெயரையும் காத்துவரும் தொகைநூல் மரபில் வளர்ந்தோர்க்கு இம்மறுப்பு வியப்பளிக்கும்.

அதே 1927இல் ‘மாபெரும் பாதை’யும், 1928இல் தோல்ஸ்தோய் நூற்றாண்டையொட்டி ‘இரண்டாம் நிக்கோலாயின் ரஷ்யாவும் லெவ் தோல்ஸ்தோயும்’ என்பதும் வந்தன. ஒலிப்படம் தோன்றிய தொடக்கத்திலேயே, 1932இல், மின்மயமாக்கம் பற்றிய ஆவணப்படத்தில் நேரடி ஒலிப்பதிவைத் துணிந்து கையாண்டார். உள்நாட்டுப் போர்க்களத்தில் ரோமான் கார்மென் முதலியோர் எடுத்த காட்சிகளைக் கொண்டு 1939இல் ‘ஸ்பெயின்’ படத்தை ஆக்கினார். பின்னர் செய்திப்படப் பணியிலேயே பெரிதும் காலம் கழிந்தது.

நினைவுக் குறிப்புகள் நூலாக வந்த 1959ஆம் ஆண்டிலேயே மாஸ்கோவில் காலமானார். 1930களில் அவர் எழுதிய ‘பெண்கள்’ என்னும் திரைக்கதை படமாகவில்லை.